பதினான்காம் பிரிவு

இருபத்தேழாம் லாக்கரின் உட்கதவில்
நான்கு பெயர்கள்.
உச்சியில் கத்திமுனையால் கீறியது: தோர்கெர்தூர், 1961.
அடுத்து, ஒரு கோடைக்கு மட்டும் வந்துபோன
நியூசிலாந்துக்காரி, பேனாவில்,
பக்கத்தில் ஓர் ஆட்டின் படம்.
பிறகு சோம்ஜித். அவள் எழுத்து எனக்குப் புரியாது,
பெயரைக் கேட்டு வைத்திருக்கிறேன்.
கடைசியில் கிராஜினா. அது நான்.

இன்று சாவியை யூஸ்லெய்தியிடம் கொடுத்தேன்.
வெனிசுவேலா. வந்து மூன்றாம் நாள்.
போனிடம் ஏதோ சொன்னாள்,
போன் எனக்குப் போலிஷில் சொன்னது:
"குளிர் என் எலும்புக்குள் ஏணி வைத்து ஏறுகிறது.
காலுக்கடியில் போட எதுவும் இல்லையா?"

தோர்கெர்தூர் காலத்தில்
படகு வந்தால் மணி அடிக்கும், நடுநிசியானாலும்.
வெறுங்கை. விரல் வெடிப்புகளில் உப்பு.
ஆனால் மேசையைச் சுற்றி நின்ற பன்னிரண்டு பேரும்
ஒரே ஊர், ஒரே தேவாலயம்,
ஒருத்தி முதலாளியின் மச்சினி.
ஒரு செவ்வாய்க்கிழமை
பன்னிரண்டு கத்திகளையும் ஒன்றாகக் கீழே வைத்தார்கள்.
ஞாயிறு வரை தாங்கினார் முதலாளி.
ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நடுவில்தான்
அவரும் உட்கார வேண்டும்.

நாங்கள் வந்தபோது போனஸ் வந்தது.
நிமிடத்துக்கு எத்தனை கிராம் என்று
தினமும் ஒரு தாள் ஒட்டுவார்கள்.
பக்கத்தில் நிற்பவளின் தட்டைப் பார்த்தபடியே
என் தட்டை நிரப்பினேன்,
தராசுக்கென்றே பிறந்தவள் போல.
சுவால்கியில் அம்மா வீட்டுக்குக் கூரை மாற்றினேன்.
மணிக்கட்டில் இரண்டு முறை அறுவை.
இவர்கள் வந்துதான் கூலி ஏறவில்லை என்று
கடையில் ஒருவர் சொன்னார், என் காதுபட.
பொய் இல்லை.
கேட்க வேண்டிய சொல் அகராதியில் இருந்தது.
அகராதி பெட்டிக்குள் இருந்தது.

இப்போது தண்ணீர்தான் கத்தி.
முள் எங்கே என்று எக்ஸ்ரே சொல்கிறது.
நாற்பது பேர் நின்ற இடத்தில் நான்கு பேர்.
நல்ல பூட்ஸ், நல்ல கையுறை,
ரத்தம் பார்த்து இரண்டு வருடமாகிறது.
காதுக்கு மேல் தடித்த மூடி,
அதற்குள் அவரவர் நாட்டு வானொலி.
தலைக்கு மேல் திரை: பெயர், எண்,
பச்சை, அல்லது மஞ்சள்.

இயந்திரம் வந்த வாரம்
தரைக்கு இரும்புச் சட்டம் போட்டார்கள்.
ரப்பர் விரிப்புகளைச் சுருட்டி
கிடங்கில் பழைய வலைகளுக்கடியில் தள்ளினார்கள்.
"சம்மதம்தானே?" என்று ஒரு தாள் நீட்டினார்கள்.
நான் மூச்சு விடவில்லை. கையெழுத்துப் போட்டேன்.
அதை யூஸ்லெய்தியின் போனிடம் சொல்லவில்லை.

ஒப்பந்தப் புத்தகம் அலுவலக மேசை இழுப்பறையில்,
கிறிஸ்துமஸ் நாப்கின்களுக்குக் கீழே.
பிரிவு பதினான்கு:
நின்று வேலை செய்யும் இடமெல்லாம்
விரிப்பு தருவது ஆலையின் பொறுப்பு.
வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள், யாரும் அடிக்கவில்லை.
வாசிக்கத் தெரிந்தவர்கள் ரெய்க்யவிக்குக்கோ
கல்லறைக்கோ போய்விட்டார்கள், அவ்வளவுதான்.
பல் டாக்டர், வரி அலுவலகம் என்று
பத்தொன்பது வருடத்தில் சேர்த்த ஐஸ்லாண்டிக்கை
ஹ்ரெய்ன் முன்னால் வைத்தேன்.
"இது ரொம்பப் பழசு" என்றான் மேலாளன்.
"தேதி மார்ச் மாதம்" என்றேன்.
கழுத்தைச் சொறிந்தான். போனை எடுத்தான். வைத்தான்.
"காபி நேரத்தில் செய்யுங்கள்."

பதினைந்து நிமிடம்.
ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கினோம்.
விரிப்பு ஆளைவிடக் கனம், எண்பதுகளின் மீன் நாற்றம்.
பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் அகலம் மிஞ்சியது.
மீன் அறுக்கும் பழைய கத்தியால் ஓரத்தை அறுத்தேன்.
மணிக்கட்டு திட்டியது.

விரித்துப் பார்த்தால் நடுவில் இரண்டு பள்ளங்கள்,
யாரோ ஒருத்தி வருடக்கணக்காக நின்றது.
காலை அகட்டி நிற்பவள்.
யூஸ்லெய்தி தன் பூட்ஸை அவற்றில் வைத்துப் பார்த்தாள்.
பொருந்தவில்லை.
ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி நின்றுகொண்டாள்.

மணி அடித்தபோது நாங்கள் தயாராக இல்லை.
பதினொரு நிமிடம்
திரையில் எங்கள் இரண்டு பெயர்களும் மஞ்சள்.